தோற்ற இரவுகளில் திரையை அணைக்கும் கடை

பாம்பன் சாலைப் பாலத்தைவிட்டு இறங்கி ராமேசுவரம் நோக்கிச் செல்லும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்வாங்கி, முன்பக்கம் பனையோலைக் கொட்டகை இழுத்துக் கட்டிய ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதங்களில் அந்தக் கொட்டகையின் ஒரு பக்கத்தில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஆட்டத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை அணி சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டங்களில் முதல் ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன், சென்னை வென்றது. மீதி ஐந்தையும் இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன், ஐந்திலும் தோற்றது. இதற்கான பழியை வீட்டில் என்மீதுதான் போட்டார்கள். ஆகவே வெற்றி இரவில் இந்தக் கடை எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. தோல்வி இரவில் எப்படி இருக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கடைக்காரர் மட்டும்தான்.

கடையின் பெயரை எழுதவில்லை. நல்லதோடு குறையையும் சொல்லப் போகிறேன். குறை சொன்ன பிறகும் அதே கடையில் போய்ச் சாப்பிட வேண்டியவன் நான்.

முதலில் சாப்பாடு. பரோட்டா எண்ணெயில் குளிக்காமல், கல்லில் நிதானமாக வெந்து, கையால் தொட்டதும் அடுக்கடுக்காகப் பிரிகிறது; ஒன்று 15 ரூபாய். சால்னாவுக்கு இந்த மாவட்டத்து முண்டு மிளகாயைத்தான் அரைக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாயின் காரம் முதல் கவளத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மூன்றாவது கவளத்தில் நெற்றி வியர்க்கும்போதுதான் தெரியும். கணவாய் வறுவல் இந்தக் கடையின் பெருமை என்று ஊரில் சொல்வார்கள். மார்ச் 28 அன்றும் ஏப்ரல் 5 அன்றும் அது அந்தப் பெருமைக்குத் தகுதியாகவே இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அதன் பிறகு நான் போன இரண்டு இரவுகளிலும் தட்டில் வந்தது ஐஸ்பெட்டிக் கணவாய். மெல்ல மெல்ல ரப்பர் போல வாய்க்குள்ளேயே சுற்றியது. பரிமாறும் தம்பி அதை மறைக்கவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். "சார், இது ஐஸ் கணவாய். நாட்டுப்படகுச் சூடை மீன் இருக்கு, அதைச் சாப்பிடுங்க" என்று அவரே சொன்னார். சூடைப் பொரியல் நன்றாக இருந்தது. கருப்பட்டிக் காபி எல்லா இரவுகளிலும் ஒரே தரம்.

தடைக்காலத்துக்கும் ஐபிஎல்லுக்கும் உள்ள தொடர்பை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் இந்தக் கரையின் ஆண்களில் பெரும்பகுதியினர் இரவில் கடலில் இருப்பார்கள், அல்லது கடலுக்குப் போவதற்காகச் சீக்கிரம் படுத்திருப்பார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து படகுகள் கரையேறி, படகுத் தச்சர்களான ஓடாவிகள் பலகை மாற்ற, மற்றவர்கள் வலை கட்ட, இரவு முழுவதும் கைவசம் மிஞ்சிவிடுகிறது. அந்த இரவுகள்தான் இந்தக் கடையின் வியாபாரம். திரைக்கு முன்னால் உட்காருபவர்கள் தாங்களே ஒரு தொழிலில் வெற்றியும் தோல்வியும் அன்றாடம் காண்பவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

திரையைப் பற்றி இரண்டு குறைகள். சோழகக் காற்று கிளம்பிய இரவுகளில் துணி பாய்மரம் போலப் புடைத்து, பந்து வீச ஓடி வருபவர் திடீரென்று இரட்டை உருவம் எடுக்கிறார். கீழ் விளிம்பில் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினாலே இது தீர்ந்துவிடும். இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. இங்கே ஆட்டம் இணைய இணைப்பின் வழியாக வருகிறது. எதிர்ச்சாரியில் உள்ள சலூனில் டிஷ் ஆன்டெனா. சலூனுக்குள் பந்து முன்னதாகவே விழுந்துவிடுகிறது. நம் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் திரும்பி நடந்துகொண்டிருக்கும்போது, சலூனிலிருந்து "ஐயோ" என்ற குரல் வந்துவிடும். அதன் பிறகு திரையில் நாம் பார்ப்பது ஆட்டமாக இருக்காது. ஏற்கெனவே நடந்துவிட்ட சாவுக்குத் துக்கம் கேட்கப் போவது போல இருக்கும். மார்ச் 28 அன்று, 2008-க்குப் பிறகு முதல்முறையாகப் பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் சென்னையை வென்ற அந்த ஆட்டத்தில், சென்னை 50 ரன்னில் தோற்றதை நான் முதலில் கேட்டது சலூன் வாசலிலிருந்துதான்.

இப்போது இந்த மதிப்புரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; நானும் அப்படியே. சென்னை தோற்றது உறுதியான மறு நொடியே பாய் புரொஜெக்டரை அணைத்துவிடுகிறார். கைகுலுக்கல் இல்லை, பரிசளிப்பு இல்லை, தலைவர்களின் பேச்சு இல்லை. வெள்ளைத் துணி மட்டும். முதல் இரவில் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். இரண்டாவது இரவில் காரணம் கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, தோற்ற ஆட்டம் ஒன்று முடிந்து இரு அணியினரும் கைகுலுக்கும்போது, நம் அணி வீரர் ஒருவர் எதிரணி வீரரின் தோளில் கைபோட்டுச் சிரித்தபடி நடந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, "இங்க நாங்க சோறு இறங்காம உக்காந்திருக்கோம், அவனுக்குச் சிரிப்பா?" என்று நாற்காலியைத் தூக்கித் திரையின் மீது எறிந்திருக்கிறான். "சார், தோத்தது கூட இவங்களுக்குத் தாங்கிடுது. தோத்தவன் சிரிக்கிறதுதான் தாங்கல. அதான் அணைச்சிடறேன்" என்றார் பாய்.

வாடிக்கையாளர் சேவை என்ற அளவில் பார்த்தால் இது சரியான முடிவாக இருக்கலாம். நாற்காலிக்கும் காசு ஆகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆட்டம் பார்ப்பவர்கள் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கேட்கும் ஒரே கேள்வி, "நமக்கு வலிக்கிற மாதிரி அவங்களுக்கு வலிக்குதா?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கக்கூடிய பத்து நிமிடங்களை இந்தக் கடை வெட்டிவிடுகிறது.

அந்தக் கேள்வி இந்தக் கடையில் கேட்கப்படும் விதம் வேறு. ஏப்ரல் 11 அன்று என் மேசையில் ஒரு விசைப்படகு டிரைவர் உட்கார்ந்திருந்தார். அன்று சென்னை 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எடுத்து முடித்தது. திரை அணைந்த பிறகு அவர் சொன்னார்: "சார், நாங்க மீன்பாடு இல்லாம வந்தா டீசல் காசு தேறாது. சம்மாட்டிக்கு, அதான் படகு முதலாளிக்கு, நஷ்டம், எங்களுக்குப் பங்கு கிடையாது, வீட்ல உலை ஏறாது. இவங்களுக்கு ஜெயிச்சாலும் 18 கோடி, தோத்தாலும் 18 கோடி. எப்புடி சார் வலிக்கும்?" கணக்கு தவறில்லை. ருதுராஜ் கெய்க்வாட்டையும் ஜடேஜாவையும் அணி தலா 18 கோடி ரூபாய்க்கும் தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்திருந்தது; அந்தத் தொகைகள் ஆட்டத்தின் முடிவைப் பார்த்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. நான் முப்பது வருடங்கள் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன். என் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் தோற்ற மாதத்திலும் சம்பளம் முழுதாகத்தான் வந்தது, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நாளில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் சம்பளமும் 18 கோடியும் ஒன்றா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பணம் வலியைப் போக்கிவிடும் என்ற எண்ணத்துக்கு எதிராக நான் அவரிடம் வைத்த சாட்சி, அதே அணியின் 2019 இறுதியாட்டம். ஹைதராபாத்தில் மும்பைக்கு எதிராக 150 ரன் எடுக்க வேண்டிய அந்த ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முழங்காலில் வெட்டுப்பட்டு, கால்சட்டையில் இரத்தம் ஊறியிருக்க, யாரிடமும் சொல்லாமல் 80 ரன் வரை ஆடி, கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். அணி ஒரு ரன்னில் தோற்றது. ஆட்டம் முடிந்த பிறகு அவருக்கு ஆறு தையல் போட்டார்கள் என்பது பின்னர்தான் வெளியில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், இரண்டு உலகக் கோப்பைகளை வென்றவர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். சம்பளத்துக்காக மட்டும் ஆடியிருந்தால் அந்தக் கால் முதல் இரத்தத்திலேயே வெளியே வந்திருக்கும். டிரைவர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வாட்சன் சார்" என்றார். விதிவிலக்கு என்று பொருள்.

விதிவிலக்குகளை எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தை நான் மண்டபம் ஊரில் ஒரு தேநீர்க் கடையின் வானொலியில் கேட்டேன். 271 தேவை. முதுகுவலியோடு நின்று 136 எடுத்த சச்சின் ஆட்டமிழந்தபோது 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட்டுகள். நான்கு ரன்னுக்குள் மூன்றும் போய், 12 ரன்னில் தோற்றோம். ஆட்ட நாயகன் விருது சச்சினுக்கு. அதை வாங்க அவர் வெளியே வரவில்லை, ஓய்வறையில் அழுதுகொண்டிருந்தார். அதே நேரத்தில் சேப்பாக்கத்தின் கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. அன்று தோல்வியை அதிகம் தாங்கியவர்கள் பார்வையாளர்கள். தாங்க முடியாமல் போனவர் ஆட்டக்காரர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1996 மார்ச் 13 அன்று கொல்கத்தாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று தடுமாறியபோது, கூட்டம் பாட்டில் எறிந்து, இருக்கைப் பகுதியில் தீ மூட்டி, ஆட்டத்தையே நிறுத்தவைத்தது. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்டு ஆட்டத்தை இலங்கைக்கு வழங்கினார். அன்றும் அழுதுகொண்டே வெளியே நடந்து வந்தவர் களத்தில் ஆட்டமிழக்காமல் நின்றிருந்த வினோத் காம்ப்ளி. கூட்டத்தின் வலி பாட்டிலாக மாறி வெளியே போய்விட்டது. காம்ப்ளியின் கையில் எறிவதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஆனால் இவை எல்லாம் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள், அல்லது இறுதியாட்டங்கள். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில், தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று வந்த அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்ற பிறகு, இதிலிருந்து எப்படி மீள்வது என்றே முதல் சில நாட்கள் தெரியவில்லை என்று ரோஹித் சர்மா சொன்னதை யாரும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். பதினான்கு ஆட்டங்கள் கொண்ட ஒரு லீக்கில் ஏழாவது தோல்விக்கும் அதே அளவு வலி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு. சிக்சர் வாங்கிய பந்துவீச்சாளர் அதை நினைத்துக்கொண்டே அடுத்த பந்தை வீசினால் இன்னொரு சிக்சர் வாங்குவார். மறப்பது அவருடைய தொழிலின் ஒரு கருவி. வலையில் கிழிசல் விழுந்த இடத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் மீனவரை நான் இந்தக் கரையில் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்தவர்கள்தான்.

ஏப்ரல் 25 இரவு இதற்கு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. ஹைதராபாத் அணி சேப்பாக்கத்தில் முதல்முறையாகச் சென்னையை வென்ற நாள் அது. கடையில் சாவு வீட்டு அமைதி. அதே நாளில்தான் பருவத்தின் நடுவில் அணிக்குள் வந்த டிவால்ட் பிரெவிஸ், சென்னைக்கான தன் முதல் ஆட்டத்தில் 25 பந்துகளில் 42 அடித்தார். எங்களுக்கு அது தோற்ற ஆட்டத்தின் ஒரு துண்டு. வேறொரு நாட்டிலிருந்து வந்து, ஏலத்தில் யாரும் எடுக்காமல் விட்ட பிறகு கதவு திறந்த ஓர் இளைஞருக்கு அதே இரவு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் அன்று இரவு உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ந்திருந்தால் அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையில் அதைச் சத்தமாகச் சொல்லும் துணிச்சலும் வரவில்லை.

கடையில் உட்கார்ந்து நான் கவனித்த இன்னொன்று 'நாம்' என்ற சொல். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற பிறகு மாணவர்கள் அதன் பெயர் பொறித்த உடைகளை அதிகம் அணிந்து வந்ததையும், வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்று சேர்த்துக்கொண்டவர்கள் தோல்வியைச் சொல்லும்போது விலகி நின்றதையும் காட்டினார்கள். பாம்பனில் அதற்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. பவர்பிளேயில் "நாம இன்னைக்கு 180 அடிக்கிறோம்" என்று தொடங்கிய அதே வாய், பன்னிரண்டாவது ஓவரில் "இவனுங்க எப்பவுமே இப்படித்தான்" என்று முடித்தது. வென்றால் நம்ம டீம், தோற்றால் அவனுங்க. மூலையில் உட்கார்ந்து வலை பின்னும் ஊசியைக் காதில் செருகிவைத்திருந்த ஒரு முதியவர் மட்டும் ஐந்து ஆட்டங்களின் முடிவிலும் "நாம தோத்துட்டோம்" என்றே சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆட்டக்காரருக்கு அந்த முதியவரின் நிலைதான் எப்போதும்; 'அவனுங்க' என்று நழுவும் கதவு அவருக்குக் கிடையாது.

அதற்காக ரசிகரின் வலியைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மியூனிக் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் இதயக் கோளாறோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாயின் தகப்பனார் ஸ்டென்ட் வைத்தவர். கடைசி மூன்று ஓவர்களுக்கு முன் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்விடுவார்கள். அவர் போகும்போது ஸ்கோரைக் கேட்டுக்கொண்டே போவார்.

என் சொந்தக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் தேவிபட்டினம் பக்கம் ஓர் இரவுக் கபடிப் போட்டியின் இறுதியாட்டத்தில், ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் கடைசியாகப் பாடிப் போனவன் நான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது இடது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். காசுக்கு ஆடியவன் அல்லன் என்பதால் தொழில்முறை வீரர்களோடு என்னை ஒப்பிட மாட்டேன். எனக்கு இன்று வரை நினைவில் இருப்பது அந்தப் பிடி: வலப்பக்கம் சாய்வதற்குப் பதிலாக நேராகத் திரும்பியது, மணல் ஈரமாக இருந்தது, கால் மடங்கிய கோணம். கோப்பை எப்படி இருந்தது என்பதே நினைவில்லை. ஆனால் அன்று லாரியில் ஏறி ஆட்டம் பார்க்க வந்த எங்கள் ஊர்க்காரர்கள் இருபது வருடங்களுக்குப் பிறகும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்து, "தம்பி, அன்னைக்கு ஒரு புள்ளியில போச்சே" என்பார்கள். அவர்களுக்கு அந்தப் புள்ளி மட்டும்தான் மிஞ்சியது. அதைத் திருத்த மறுவாரம் இன்னொரு போட்டிக்குப் போகும் வாய்ப்பு எனக்கு இருந்தது. அவர்களுக்கு இல்லை.

குடும்ப அறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. கடையின் பின்பகுதியில் தடுப்பு அடித்து ஓர் அறை வைத்திருக்கிறார்கள். மின்விசிறி இருக்கிறது, மேசை சுத்தமாக இருக்கிறது, திரை மட்டும் தெரியாது. ஏப்ரல் 5 சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு என் மனைவியையும் அழைத்துப் போனேன். மறுநாள் புதிய ரயில் பாலத் திறப்பு விழா என்பதால் ஊரே பரபரப்பாக இருந்த நாள். டெல்லிக்கு எதிராகச் சென்னை 25 ரன்னில் தோற்றதை அவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து காதால் மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் என்னைவிடத் தீவிர ரசிகை அவர்தான். கழிப்பறைக்கு விளக்கு போடாததையும் சேர்த்துப் பார்த்தால், பெண்களும் ஆட்டம் பார்ப்பார்கள் என்ற எண்ணமே இந்தக் கடைக்கு வரவில்லை என்று தெரிகிறது. இது என் பார்வையில் காற்றில் புடைக்கும் திரையைவிடப் பெரிய குறை.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் நான் அந்தப் பழைய கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் பாம்பன் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். "எங்கப்பா வெறும் வலையோட வந்தா, கிணத்துல ரெண்டு வாளி ஊத்திட்டுப் படுத்துத் தூங்கிடுவாரு. மறுநாள் போகணும்ல. எங்கம்மாதான் விடிய விடியத் திண்ணையில உக்காந்திருக்கும்" என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அதுக்காக அப்பாவுக்கு வலிக்கலைன்னு அம்மா ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார்.

ஏப்ரல் 30 கடைசி இரவு. பஞ்சாபுக்கு எதிரான ஆட்டம். தோற்றால் பிளே ஆஃப் வாய்ப்பு முடிந்தது. அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நாற்காலி போதாமல் மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். சாம் கரன் 88 அடித்தும், பத்தொன்பதாவது ஓவரில் சாஹல் ஹாட்ரிக் உள்பட நான்கு விக்கெட்டுகளை எடுத்ததில், சென்னை 19.2 ஓவரில் 190-க்குச் சுருண்டது. பஞ்சாப் இரண்டு பந்து மீதம் வைத்து வென்றது. பாயின் கை சுவிட்சுக்குப் போவதைப் பார்த்து, நான் எழுந்து போய், இன்று ஒரு நாள் மட்டும் விடுங்கள், நாற்காலி உடைந்தால் நான் காசு தருகிறேன் என்று கேட்டேன். ஐந்து தோல்விகளுக்கும் வந்தவன் என்ற மரியாதையில் ஒத்துக்கொண்டார்.

கைகுலுக்கினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது; நாற்காலி எதுவும் பறக்கவில்லை. பிறகு தோனி பேச வந்தார். காயம்பட்ட ருதுராஜுக்குப் பதிலாக ஏப்ரல் 11-இலிருந்து தலைவராக இருந்தவர் அவர்தான். வருத்தம், ஏமாற்றம், ரசிகர்கள் என்றெல்லாம் பேசுவார் என்று மீன்பெட்டிகளில் இருந்தவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் பேசியதில் மனத்தில் நின்றது கணக்கு. ஆடப்படாமலே போன கடைசி நான்கு பந்துகள், அதற்கு முந்தைய ஓவரில் விழுந்த நான்கு விக்கெட்டுகள். இப்படி நெருக்கமாக முடியும் ஆட்டங்களில் அந்தச் சில பந்துகளின் மதிப்பு பெரிது என்று, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், சொல்லிவிட்டுப் போனார். ஒரு பையன் ஆங்கிலம் புரியாமல் என்ன சொன்னார் என்று கேட்டான். சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றான், ஏமாற்றத்தோடு.

அந்த டிரைவர் அன்றும் என் மேசையில்தான் இருந்தார். அவருக்கு அது ஏமாற்றமாக இல்லை. காபித் தம்ளரை உருட்டிக்கொண்டே, "நாலு பந்து" என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, போன மாசியில் ஒரு நாள் தான் படகைக் கால் மணி நேரம் முன்னதாகத் திருப்பிவிட்டதையும், அதே இடத்தில் பின்னால் வந்த படகு நல்ல பாடு கண்டதையும், எந்தத் திசையில் எத்தனை மாரு ஆழத்தில் திருப்பினேன் என்பதையும், திரை அணைந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகும் எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 18 கோடியைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

அன்று எனக்கு வந்த பில் 215 ரூபாய். பரோட்டா, சூடைப் பொரியல், காபி எல்லாம் சேர்த்து. ஆட்டம் பார்க்கத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு ஏழு மணிக்குள் போனால்தான் தூணுக்குப் பின்னால் உட்காராமல் தப்பலாம். கொல்கத்தா ஆட்டம் போல 59 பந்துகள் மீதமிருக்கும்போதே முடிந்துவிடும் இரவுகளில் பாய்க்கும் ஒரு தோல்வி இருக்கிறது: இரண்டாம் கட்டப் பரோட்டாவுக்குப் பிசைந்த மாவு அப்படியே நின்றுவிடும். அன்று அவர் விக்கெட்டையோ ரன்னையோ எண்ணவில்லை. ஈரத்துணி மூடிய மாவுருண்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்த் திரும்பிய வாரத்தில் மீண்டும் ஒரு முறை போனேன். திரைத் துணி மடிக்கப்பட்டு வெங்காய மூட்டையின் மேல் கிடந்தது. அடுத்த பருவத்தில் குடும்ப அறைச் சுவரில் ஒரு டிவி மாட்டுவதாகப் பாய் என் மனைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். தோற்ற இரவுகளில் பரிசளிப்பு முடியும்வரை திரையை விடுவது பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் கடலுக்குப் போயிருந்தார். கணவாய் அன்று பிடித்தது; மெத்தென்று இருந்தது.